நுவரெலியாவுக்குப் போன சோற்றுச் சட்டி



லீவு நெருங்கினால் எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் ஒரு வழக்கு தவறாமல் நடக்கும். குடும்பத்தோடு ட்ரிப் போகும்போது சமைத்துச் சாப்பிடுவதா, கடையில் சாப்பிடுவதா? ஒரு கட்சி சொல்லும்: "சட்டி பானை தூக்கிக்கொண்டு போறது கஞ்சத்தனம். போனா சந்தோஷமா இருந்திட்டு வரணும்." மறு கட்சி சொல்லும்: "கஞ்சத்தனம் இல்ல, பேணுதல். போற வழியில எந்தக் கடையில என்ன சட்டியில ஆக்குறான் எண்டு யாருக்குத் தெரியும்?" நான் வரலாறு படிப்பிக்கிற ஆள் என்பதால் இந்த முறை என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். இடைவேளை மணி அடித்துவிட்டது, பதில் முடியவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசும் ஹலாலும் காரணங்கள்தான், ஆனால் முழுக் காரணம் அவை இல்லை. நம் வான்களில் அந்தச் சட்டி ஏறியதற்கு இந்த நாட்டுத் தெருக்களின் வரலாற்றிலே வேறு காரணங்களும் இருக்கின்றன.

பழைய பயணி ஒருவரிலிருந்து தொடங்குவோம். 1344 இல் மாலைதீவிலிருந்து கப்பலேறிய இப்னு பதூதாவைக் காற்று புத்தளத்துப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது. ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, என்ன வேண்டும் என்று கேட்டார். பாவா ஆதம் மலையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றார் இப்னு பதூதா. அரசர் பல்லக்குக் கொடுத்தார். கூடவே நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், தன் ஆட்கள் பத்துப் பேர், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து பேர். கூட்டிப் பாருங்கள். 32 பேரில் 15 பேர் சாப்பாடு தூக்கத்தான் போயிருக்கிறார்கள். வானில் பாதி இடத்தைச் சட்டி பிடித்துக்கொள்கிறது என்று முறைப்பாடு செய்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

அதே பயணக் குறிப்பில் இன்னொரு கதையும் உண்டு. ஷீராஸ் நகரத்துப் பெரியார் இப்னு கஃபீஃப் ஒரு முறை ஃபக்கீர்கள் கூட்டத்தோடு அந்த மலைக்குப் போகிறார். வழியில் சாப்பாடு இல்லை, பசி தாங்கவில்லை. பெரியார் தடுத்தும் கேளாமல் கூட வந்தவர்கள் ஒரு யானைக்குட்டியைப் பிடித்து அறுத்துச் சாப்பிட்டுவிடுகிறார்கள். இரவில் யானைகள் வந்து ஒவ்வொருவரையும் மோந்து பார்த்துக் கொன்றன. சாப்பிடாத பெரியாரை மட்டும் ஒரு யானை முதுகில் ஏற்றி ஊர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டது. அதன் பிறகுதான் இந்நாட்டு மக்கள் முஸ்லிம் பயணிகளை மதித்து வீட்டுக்குள் சேர்த்துச் சோறு போடத் தொடங்கினார்கள் என்று இப்னு பதூதா எழுதுகிறார். இந்தியாவில் முஸ்லிமுக்குத் தங்கள் பாத்திரத்தில் சோறு தண்ணீர் கொடுக்க மாட்டார்கள், இங்கே கொடுக்கிறார்கள் என்று ஒப்பிட்டும் சொல்கிறார். யானைக் கதையை நம்புவது உங்கள் விருப்பம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. நம் மண்ணில் முஸ்லிம் பயணத்தைப் பற்றிய மிகப் பழைய கதைகளில் ஒன்று, வழியில் சாப்பாடு கிடைக்காமல் போன கதையாக இருக்கிறது.

கண்டி இராச்சியத்துக் காலத்துக்கு வருவோம். கரையோரத்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏறின. மலையின் பாக்கும் மிளகும் கீழே இறங்கின. மாட்டு முதுகில் பொதியேற்றிப் போகும் இந்தத் தவளத்தில் முஸ்லிம்களின் பங்கு பெரியது. அரசனின் பொதிமாட்டுப் போக்குவரத்தைக் கவனித்த பிரிவுக்கு மடிகே பத்த என்று பெயர். அதில் முஸ்லிம்கள் பணி செய்ததை லோர்னா தேவராஜா தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். குருநாகல் மாவட்டத்து மடிகே மிதியால போன்ற ஊர்ப்பெயர்களில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது.

தவளக்காரர் எங்கே சாப்பிட்டார்கள்? சிங்களப் பகுதியில் அம்பலம, தமிழ்ப் பகுதியில் மடம். பருத்தித்துறைத் தெருமூடி மடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தூண்கள், மேலே கூரை, இருக்கத் திண்ணை. பக்கத்தில் ஒரு கிணறோ தண்ணீர்ப் பானையோ இருக்கும். கூரையும் தண்ணீரும் பொது. சோறு அவரவருடையது. மூன்று கல் வைத்தால் அடுப்பு. நம் நாட்டுத் தெருக்கள் பல நூறு ஆண்டுகள் இப்படித்தான் இயங்கின. முஸ்லிம் மட்டுமல்ல, கதிர்காமம் நடந்த சைவரும் சிவனொளிபாதம் ஏறிய பௌத்தரும் சட்டியோடுதான் போனார்கள். இதை மறந்துவிட்டுத்தான் ட்ரிப்பில் சமைப்பதை "சோனகர் பழக்கம்" என்று சிலர் சிரிக்கிறார்கள். 2009 இல் யுத்தம் முடிந்து ஏ9 வீதி திறந்தபின் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக யாழ்ப்பாணம் போன சிங்களக் குடும்பங்கள் தெருவோரத்தில் கிடாரம் வைத்துச் சோறாக்கியதை எல்லோரும் பார்த்தோம். அவர்களுக்கு ஹலால் பிரச்சினை ஏது? அது யாத்திரைப் பழக்கம், சிங்களத்தில் நடே என்பார்கள்.

தெருவில் சோறு விற்கும் நிலை வெள்ளைக்காரன் காலத்தில்தான் பரவலானது. ஒல்லாந்தர் தொடங்கிய றெஸ்ட் ஹவுஸ் ஏற்பாட்டை, அதாவது நாம் வாடிவீடு என்று சொல்வதை, ஆங்கிலேயர் பெரிதாக்கினார்கள். 1820களில் கொழும்பு கண்டி வீதி வெட்டப்பட்டபோது அம்பேபுஸ்ஸ வாடிவீடும் வந்தது. ஆனால் அது யாருக்கு? கடமையில் வரும் உத்தியோகத்தருக்கு முன்னுரிமை, அடுத்தது தோட்டத்துரை. மேசை, கத்தி, முள்ளுக்கரண்டி, பக்கத்தில் மதுபானம். மூடுவண்டியில் மனைவியையும் உம்மாவையும் நாலு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு முஸ்லிம் வியாபாரி அங்கே இறங்கிச் சோறு கேட்டிருப்பார் என்று என்னால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை.

ரயில் 1867 இல் கண்டிக்கும், 1885 இல் நானுஓயாவுக்கும் வந்தது. நுவரெலியா வெள்ளைக்காரரின் கோடைவாச ஊராகி, ஏப்ரல் மாதக் குதிரைப் பந்தயமும் பூக்கண்காட்சியும் வந்தன. இன்று நாம் "ஏப்ரல் சீசன்" என்று கூட்டம் கூட்டமாகப் போகிறோமே, அந்தச் சீசனை ஆக்கியவர்கள் நம்மை அழைத்து ஆக்கவில்லை. 1876 இல் தொடங்கிய ஹில் கிளப்பில் சுதந்திரத்துக்குப் பிறகும் கொஞ்சக் காலம் இலங்கையருக்கு இடமில்லாமல் இருந்தது.

அப்படியானால் சாதாரணக் குடும்பத்துக்கு விடுமுறைப் பயணம் எப்போது வந்தது? சம்பளத்தோடு லீவு என்பதே புதுச் சரக்கு. 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம்தான் கடைச் சிப்பந்திக்கும் வருடாந்த லீவை உரிமையாக்கியது. அரச ஊழியருக்கு ரயில் வொறண்ட் இருந்தது. திணைக்களங்களுக்கு மலைநாட்டில் சேர்கிட் பங்களாக்கள் இருந்தன. அவற்றின் முறையைக் கவனியுங்கள். படுக்கை பங்களாவில், அரிசி பருப்பு நாம் கொண்டுபோக வேண்டும், காவலாளி ஆக்கித் தருவார். அம்பலமவின் அதே விதிதான், சுவரும் கட்டிலும் மட்டும் கூடுதல்.

நம் சமூகத்தில் அதற்கும் முந்திய "ட்ரிப்" ஒன்று உண்டு. பலங்கொடைக்கு அப்பால் கூரகலையில் உள்ள தப்தர் ஜீலானி, பேருவளைக் கெச்சிமலை, எங்கள் பக்கம் கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றம். அது கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. கமெண்டில் தொடங்கவும் வேண்டாம். வரலாற்றாகச் சொன்னால், நம் மூத்தம்மாமார் பலர் ஊரெல்லையைத் தாண்டிய முதல் பயணம் கந்தூரிக்குத்தான். அங்கே சாப்பாடு பிரச்சினையே இல்லை. கிடாரத்தில் சோறு, சஹனைச் சுற்றி இருந்து சாப்பிடலாம். ஆக்கியவர்கள் ஆண்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது ஹலால் வாதத்துக்கு வருகிறேன். இறைச்சி என்றால் அறுப்பைப் பார்க்க வேண்டும், சரி. ஆனால் மீனுக்கு அறுப்பு இல்லை. சோறு, பருப்பு, மீன் ஆணம், தேங்காய்ச் சம்பல் இல்லாத ஊர் இலங்கையில் இல்லை. எங்கள் வாப்பா காலத்து ஆண்கள் நெல் வியாபாரத்துக்கும் மாட்டு வியாபாரத்துக்கும் மஹியங்கனை, பதுளை என்று போய் வாரக்கணக்கில் சிங்களக் கடையிலும் சைவக் கடையிலும் சாப்பிட்டார்கள். வழிநெடுக முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளும் இருந்தன. அதே வாப்பா குடும்பத்தோடு போகும்போது மட்டும் ஏன் சட்டி கட்டினார்?

கடையில் பெண்கள் இருக்க இடமில்லை. விஷயம் இதுதான். பழைய சாப்பாட்டுக் கடை ஆண்களின் இடம். நீட்டு வாங்கு, சுருட்டுப் புகை, முன்னால் பராட்டா அடிக்கிற கல், உள்ளே லொறிச் சாரதிகளின் பேச்சு. முஸ்லிம் கடையும் அப்படித்தான், சொல்லப்போனால் அது இன்னும் கூட. பெண்களுக்கு வேண்டுமென்றால் பார்சல் கட்டி வானுக்குள் கொடுப்பார்கள். கை கழுவ, முகம் கழுவ, பிள்ளைக்குப் பால் கொடுக்க, ஒரு கழிப்பறைக்குப் போக வழியில்லை. பெமிலி ரூம் என்று மூலையில் திரை போட்ட அறை பின்னால்தான் வந்தது. ஆற்றங்கரையில் மரத்தடியில் சட்டி இறக்கினால் இவ்வளவும் தீர்ந்தது.

அரிசியின் அரசியலையும் இதோடு சேர்க்க வேண்டும். 1942 இல் யுத்தகாலத்தில் வந்த கூப்பன் முறை பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. 1970களின் தட்டுப்பாட்டில், குறிப்பாக 1973ஐ ஒட்டி, ஹோட்டல்களில் வாரத்தில் இரண்டு நாள் சோறு விற்கத் தடை. அரிசியைக் கையில் கொண்டு திரியவும் அளவு இருந்தது. தெருவில் தடிபோட்டு மறித்து மூட்டைகளைக் குத்திப் பார்த்தார்கள். சிங்களத்தில் அந்தத் தடைக்கு ஹால் பொல்ல என்று பெயர், ஹால் என்றால் அரிசி. நினைத்துப் பாருங்கள்: கடையில் சோறு இல்லை, கொண்டுபோனால் பிடிப்பான். எங்கள் மூத்தம்மா அந்தக் காலத்தில் கண்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பிள்ளையின் தலையணை உறைக்குள் அரிசி வைத்துத் தைத்துக்கொண்டு போனாராம். பிள்ளை தூங்கியதா என்று கேட்டால், "அது அரிசியில படுத்து வளர்ந்த புள்ள" என்பார். அந்தத் தலைமுறைக்குப் பயணம் என்றாலே சாப்பாட்டுப் பயம். சட்டி கட்டுவதை அவர்கள் விடாததில் ஆச்சரியம் என்ன?

1977க்குப் பிறகு எல்லாம் வேகமாக மாறியது. திறந்த பொருளாதாரம், வளைகுடாக் காசு, ஜப்பான் வான். கொத்து பராட்டாவின் சத்தம் எல்லாச் சந்தியிலும் கேட்டது. ஹோட்டல்களில் டைல் பதித்தார்கள், பெமிலி ரூம் கட்டினார்கள். "ட்ரிப் போனா பிரியாணி" என்பது எங்கள் தலைமுறையின் ஆசையாக இருந்தது. நான் படிக்கும் காலத்தில் வீட்டில் கட்டிய சோற்றுப் பார்சலை பாடசாலைச் சுற்றுலாவில் அவிழ்க்கவே வெட்கப்படுவோம். வாட்டிய வாழையிலை வாசமும் மாசிச் சம்பலும் எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது யாருக்குத் தெரிந்தது? அந்த இலையும் பிறகு லஞ்ச் ஷீட்டாகி, 2017 செப்டம்பரில் அதற்கும் தடை வந்தது.

பிறகு சட்டி திரும்பி வந்தது, இரண்டு தடவை. முதல் தடவை பயத்தால். 2013 இல் ஹலால் இலச்சினைக்கு எதிரான கிளர்ச்சி. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரத்து முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ஒருவர் கறிக்குள் கிடந்த மாக்கட்டியைக் காட்டிக் கருத்தடை மாத்திரை என்றார். கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அது மாச்சத்துக் கட்டிதான் என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிக்கை கொடுத்தார். யாருக்கு என்ன பயன்? 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் ஊரில் பல குடும்பங்கள் தெரியாத ஊரில் வான் நிறுத்தவே தயங்கின. எதிர்ப் பக்கத்திலும் இதே பயம்: பராட்டாவுக்காக முஸ்லிம் கடை தேடி வந்த சிங்களப் பயணிகள் வராமல் போனார்கள். இப்னு பதூதா புகழ்ந்த அந்தப் பழக்கம், ஒருவர் பாத்திரத்தில் இன்னொருவர் சாப்பிடுவது, எங்கள் கண் முன்னால் அறுந்தது. முழுவதும் அறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் ஹசலக்க பக்கம் ஒரு சிங்களக் கடைக்கார அம்மா தன் அடுப்பையே காலி செய்து, "உங்கட சட்டியிலேயே ஆக்குங்க" என்று எங்களுக்கு விட்டுத் தந்தார்.

இரண்டாவது தடவை விலையால். 2022 செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9% க்குப் போனது. ஏழு பேர் கடையில் ஒரு பகல் சாப்பிடுகிற காசு ஓர் ஆசிரியருக்குச் சிறு தொகை இல்லை. இப்போது வாடகை பங்களா எடுக்கும்போது நாம் கேட்கிற முதல் கேள்வி, "கிச்சன் இருக்கா?" என்பதுதான்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு கவலை. கந்தூரியில் ஆக்கியவர்கள் ஆண்கள் என்று சொன்னேன் அல்லவா? ஆற்றங்கரைச் சமையலிலும் ஆண்களுக்கு வேலை இருந்தது. விறகு பொறுக்குவது, கல் அடுக்குவது, தண்ணீர் அள்ளுவது, கோழி அறுத்து உரிப்பது, கிடாரத்தைத் தூக்கி இறக்குவது. பிள்ளைகள் வெங்காயம் உரித்தார்கள். சமையல் வெளியே, எல்லார் கண்ணுக்கும் முன்னால் நடந்தது. எங்கள் சாச்சியிடம் கேட்டேன், "அந்தக் காலத்தில் ட்ரிப்பிலும் அடுப்படியா என்று வெறுப்பாக இருக்கவில்லையா?" அவர் சொன்னது: "மகன், உங்கட மாமா உசிரோட இருந்த காலத்தில அவர் வெங்காயம் வெட்டி நான் பார்த்தது மஹியங்கனை ஆத்தங்கரையில மட்டுந்தான். திரைக்குப் பின்னால இருந்து சாப்பிடுறதவிட அது நல்லம்."

அதற்காக அந்தக் காலத்தைப் புகழ்ந்து விடவும் முடியாது. விடியப்புறம் இரண்டு மணிக்கு எழும்பித் தேங்காய் திருவியவர் மாமா இல்லை, சாச்சிதான். எங்கள் வீட்டுப் பழைய அல்பத்தில் நுவரெலியா, எல்ல, துன்ஹிந்த என்று எல்லா இடத்திலும் படம் இருக்கிறது. அருவிக்கு முன்னால் நிற்கிற படங்களில் உம்மா இல்லை. சட்டிக்குப் பக்கத்தில் எடுத்த ஒரேயொரு படத்தில் இருக்கிறார், அதிலும் புகையில் முகம் பாதி மறைந்திருக்கிறது.

ஆனால் இன்றைய பங்களாச் சமையல் அதையும்விட மோசமான ஒரு வேலையைச் செய்திருக்கிறது. கேஸ் அடுப்பு, சிங்க், கதவு எல்லாம் உள்ள சமையலறை. விறகு வேண்டாம், தண்ணீர் அள்ள வேண்டாம். ஆண்களின் வேலை அத்தனையும் போய்விட்டது, பெண்களின் வேலை மட்டும் அப்படியே மிஞ்சியது. கதவைச் சாத்தினால் நுவரெலியாவும் சாய்ந்தமருதும் ஒன்றுதான். நாங்கள் வெளியே புல்தரையில் கிரிக்கெட் அடித்துக்கொண்டிருப்போம். ஆறாயிரம் அடி ஏறி வந்து அவர் பார்த்தது ஒரு பாத்திரம் கழுவுகிற தொட்டி.

ஆகவே ஓய்வறை வழக்கில் என் தீர்ப்பு: "சமைப்பதா, கடையா" என்று கேட்கும் முன்னால், சமைப்பது என்றால் யார், எந்த இடத்தில் என்று இரண்டு கட்சியும் எழுதித் தரவேண்டும். எழுதித் தந்தால் பாதிப் பேர் கடைக்கட்சிக்கு மாறுவார்கள் என்று நினைக்கிறேன். மீதிப் பேருக்கு நான் வெங்காயம் வெட்டும் கத்தி வாங்கித் தருகிறேன்.

இந்த லீவுக்கு நாங்கள் ஒரு பங்களா பார்த்திருக்கிறோம். தொலைபேசியில் பேசும்போது, முற்றத்தில் கல்லடுப்பு மூட்ட விடுவீர்களா என்று கேட்டேன். "ஐயோ சேர், புல்லுக் கருகிடும், உள்ள நல்ல கிச்சன் இருக்கு" என்றார். வேறு இடம் தேடிக்கொண்டிருக்கிறேன். வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் முற்றத்தில் நெருப்பு மூட்ட விடுகிற இடம் தெரிந்தால் சொல்லுங்கள். உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் ஹால் பொல்லையில் அரிசி பிடிபட்ட கதை, தப்பிய கதை இருந்தால் கேட்டு எழுதுங்கள். எந்த வருடம், எந்தச் சந்தி என்பதையும் சேர்த்து.